கைதட்டினார்கள், பூ தூவினார்கள், தூங்க விட்டார்களா?

கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. பூமாரி கிடைத்தது. கொஞ்சம் தாமதமாக ஊக்கத் தொகையும் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை. தூக்கம்!

2020-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணி. நாடு முழுவதும் ஜனங்கள் வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் நின்று கை தட்டினார்கள். கரண்டியால் தட்டைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி சொல்வதற்காக இந்த ஏற்பாடு. மே 3-ந் தேதி ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மீது பூ தூவின.

அந்த 2020-ம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த பெயர் என்ன தெரியுமா? "நர்சுகள், மருத்துவச்சிகள் ஆண்டு"! கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டு நிறைவுக்காக வைத்த பெயர் அது. கொண்டாட்டம் நடக்கவில்லை. நர்சுகள் கைவிளக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கவச உடையில் விடிய விடிய நின்றார்கள்.

விடிந்த பிறகாவது தூங்கினார்களா? இல்லை என்கிறது கணக்கு.

நூற்றுக்கு 34 பேர்

முதல் கணக்கு சீனாவில் இருந்து வந்தது. கொரோனா முதலில் தலைதூக்கிய ஊகான் நகரத்திலும் சீனாவின் வேறு பகுதிகளிலும் உள்ள 34 ஆஸ்பத்திரிகளில் 1,257 டாக்டர்கள், நர்சுகளிடம் கேள்வி கேட்டார்கள். 2020-ம் ஆண்டு ஜனவரி 29 முதல் பிப்ரவரி 3 வரை நடந்த விசாரணை இது. அப்போது நம்ம ஊரில் கொரோனா என்ற சொல்லே பாதிப் பேருக்குத் தெரியாது.

படுத்த உடன் தூக்கம் வருகிறதா? நடு இரவில் விழிப்பு வருகிறதா? விடியும் முன்பே எழுந்து விடுகிறீர்களா? இந்த மாதிரி 7 கேள்விகள். பதிலுக்குத் தகுந்தபடி மார்க்கு. அதில் நூற்றுக்கு 34 பேருக்குத் தூக்கக் கோளாறு இருப்பது தெரிந்தது. நூற்றுக்கு 71 பேர் மன வேதனையில் இருந்தார்கள். நேரடியாக நோயாளியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கும், நர்சுகளுக்கும், பெண்களுக்கும் பாதிப்பு கூடுதல்.

பிறகு பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 13 ஆய்வுகள், 33 ஆயிரம் ஊழியர்கள். அவற்றில் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட 5 ஆய்வுகளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்ததில், நூற்றுக்கு 39 பேர் தூக்கம் கெட்டவர்கள் என்று வந்தது. பத்துப் பேரில் 4 பேர்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் டாக்டர்களையும் நர்சுகளையும் கேட்டவை. செல்போனில் கேள்வித்தாளை அனுப்பி, பதில் வாங்கியவை. வார்டைக் கூட்டியவர், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், பிணத்தைக் கட்டி வண்டியில் ஏற்றியவர் ஆகியோரை யார் கேட்டார்கள்? அவர்கள் பெரும்பாலும் காண்டிராக்ட் ஆட்கள். அவர்கள் தூங்கிய கதை எந்தக் கணக்கிலும் சரியாக ஏறவில்லை.

பகல் தூக்கம்

"ராத்திரி வேலை செய்தால் என்ன? பகலில் தூங்கிக் கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ராத்திரி டியூட்டி பார்த்தே அறியாதவர்கள் கேட்கும் கேள்வி இது.

மனித மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி. இருட்டினால் தூக்கத்துக்கு உரிய மெலட்டோனின் என்ற சுரப்பு கூடும். உடம்புச் சூடு குறையும். விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை உடம்பு அடிமட்டத்தில் இருக்கும். விடிந்ததும் எல்லாம் தலைகீழ். சூடு ஏறும், சுரப்பு நிற்கும், "எழுந்திரு" என்று உடம்பே உலுக்கும். அந்த நேரத்தில்தான் நர்சு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். அதனால்தான் பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைவிட ஒரு மணி முதல் 4 மணி நேரம் வரை குறைந்து போகிறது. களைப்பு இருந்தாலும் குறைகிறது. ஒரு வாரம் ராத்திரி டியூட்டி, மறு வாரம் பகல் டியூட்டி என்று மாற்றினால் அந்தக் கடிகாரம் எந்தப் பக்கமும் ஒத்துப் போகாமல் திண்டாடும்.

இது உடம்பின் கதை. வீட்டின் கதை வேறு.

சென்னையில் ஒரு சாதாரண நர்சின் வீடு என்றால் ஒரு ஹால், ஒரு அறை. தெருவில் கீரைக்காரர் கூவுவார். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் குடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்து வீட்டு மிக்சி ஓடும். 2020-ல் இன்னொன்றும் சேர்ந்தது. முழு ஊரடங்கு! பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் வீட்டில். செல்போனில் ஆன்லைன் வகுப்பு. வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அம்மாவுடையது என்றால்? அம்மா தூங்க நினைக்கும் நேரத்தில்தான் கணக்கு டீச்சர் பாடம் எடுப்பார். வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார். மதியம் சோறு யார் ஆக்குவது? மே மாத வெயில், கல்நார் ஓட்டு வீடு, மின் விசிறி அனலை வாரி இறைக்கும். 5 நாள் இப்படிப் போனால் ஆறாவது நாள் ராத்திரி அந்த அம்மா வார்டில் எப்படி நிற்பார்?

பயம்

அதற்கு மேல் பயம்.

நோய் தனக்கு வந்துவிடுமோ என்ற பயத்தைவிட, வீட்டுக்குக் கொண்டு போய் விடுவோமோ என்ற பயம்தான் பலரை வாட்டியது. வாசலிலேயே புடவையை மாற்றி, குளித்து, பிள்ளையைத் தொடாமல் தனியாகப் படுத்தார்கள். சிலர் வாரக் கணக்கில் வீட்டுக்கே போகவில்லை. வாடகை வீட்டில் இருந்த டாக்டர்களையும் நர்சுகளையும் "காலி பண்ணுங்க" என்று வீட்டுக்காரர்கள் சொன்னதும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள் 2020 மார்ச்சில் மத்திய உள்துறை மந்திரிக்கு இதைப் பற்றிப் புகார்க் கடிதமே எழுதினார்கள். கைதட்டி இரண்டே நாள் ஆகியிருந்தது!

சென்னையில் நடந்ததை இந்த ஊர் மறக்க முடியாது. 2020 ஏப்ரல் 19-ந் தேதி நரம்பியல் ஆபரேஷன் நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். உடலை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். எதிர்ப்பு. அங்கிருந்து அண்ணாநகர் வேலங்காட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே கூட்டம் கூடிக் கல் வீசியது. கட்டையால் அடித்தது. ஆம்புலன்சு கண்ணாடி நொறுங்கியது. கடைசியில் நடு இரவில் சக டாக்டர் ஒருவரே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி மூடினார். கூட வந்தவர்களுக்கு ரத்தக் காயம்.

அன்று ராத்திரி சென்னை ஆஸ்பத்திரிகளில் டியூட்டியில் இருந்த எத்தனை பேர் மறுநாள் நிம்மதியாகத் தூங்கி இருப்பார்கள்? "செத்தால் நமக்கும் இந்தக் கதிதானா?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு யாருக்குத் தூக்கம் வரும்?

3 நாள் கழித்து, ஏப்ரல் 22-ந் தேதி, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருடம் வரை ஜெயில். பெருங்காயம் ஏற்பட்டால் 7 வருடம் வரை. நல்ல சட்டம்தான். அடிக்கு மருந்து போட்டாகி விட்டது. தூக்கத்துக்கு?

டியூட்டி கணக்கு

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. தூக்கம் என்பது ஏதோ தலையணை சம்பந்தப்பட்ட விஷயம் போலப் பேசுகிறார்கள். "படுக்கும் முன் செல்போன் பார்க்காதே, வெந்நீரில் குளி, யோகா செய்" என்று புத்தி சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நர்சின் தூக்கம் தலையணையில் இல்லை. ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் டியூட்டி பட்டியலில் இருக்கிறது. எத்தனை கட்டில், எத்தனை ஆள்? அதுதான் கணக்கு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்சு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு கட்டிலுக்கு ஒரே ஆளை வேலைக்கு வைத்தால் போதாது. நாளுக்கு 3 ஷிப்ட். வார லீவு. உடம்பு சரியில்லாத லீவு. பிரசவ லீவு. எல்லாம் கூட்டினால் ஒரு கட்டிலுக்கு 4, 5 பேர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்? இருப்பவர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். எதைக் குறைத்துச் செய்வார்? தூக்கத்தைக் குறைத்துத்தான்!

கொரோனா இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் கெடுத்தது. ஒரு பக்கம் கட்டில் கூடிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம் ஆள் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு நர்சுக்கு நோய் வந்தால் அவரும் போனார், அவருடன் சாப்பிட்ட 4 பேரும் தனிமைக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் தலையில் அந்த ஐந்து பேரின் டியூட்டி விழுந்தது.

தொடக்கத்தில் பல ஆஸ்பத்திரிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கொரோனா வார்டில் தொடர்ந்து சில நாள் வேலை, பிறகு ஓட்டலிலோ விடுதியிலோ தனிமை. அந்தத் தனிமை நாட்களில்தான் பலர் ஒழுங்காகத் தூங்கினார்கள். 2020 மே 15-ந் தேதி மத்திய சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. பாதுகாப்பு உடையில் ஓட்டை விழுந்து நேரடியாக நோய் தொற்றும் அபாயம் ஏற்பட்டவர்கள் தவிர, மற்றவர்களுக்கு டியூட்டிக்குப் பிந்தைய தனிமை கட்டாயம் இல்லை என்று அதில் சொன்னார்கள். கவச உடை போட்டிருக்கிறார்களே, பிறகு என்ன பயம் என்பது வாதம். நோய்க் கணக்கில் அந்த வாதம் சரியாகவே இருக்கலாம். ஓய்வுக் கணக்கை யாரும் போடவில்லை.

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. யுத்த காலத்தில் சிப்பாய்களை வருத்தப்பட வைக்கலாமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள், தங்க இடம் கொடுங்கள் என்று 2020 ஜூன் 17-ந் தேதி உத்தரவு போட்டார்கள். தனிமைக் காலத்தை லீவாகக் கழிக்கலாமா என்ற கேள்வியும் அங்கே வந்தது. நினைத்துப் பாருங்கள். நோயாளிக்கு ஊசி போட்டதால் தனியாக இருக்க வேண்டி வந்த நாளை, சொந்த லீவில் கழிப்பது! இதைத் தடுக்கக் கோர்ட்டு படி ஏற வேண்டி இருந்தது.

அந்த ஜூன் கடைசியில் சென்னையில் மட்டும் ஒரே நாளில் 2,393 பேருக்கு நோய் கண்டது. கோயம்பேடு மார்க்கெட்டில் இருந்து பரவியது ஊரையே சுற்றி வளைத்த நேரம். பெரிய அலை என்று அதைத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மறு வருடம் மே மாதம் சென்னையின் ஒரு நாள் கணக்கு 7 ஆயிரத்தைத் தாண்டியது. 2021 மே 21-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் 36,184 பேர். ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்றன. உள்ளே கட்டில் காலியானால்தான் வெளியே உள்ளவர் இறங்க முடியும். கட்டில் எப்படிக் காலி ஆகும்? ஒன்று, பிழைத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் இறக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ராத்திரியில் பலமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் கண்ணை மூடினால் என்ன தெரியும்?

ஊதச் சொன்னால் மாட்டுவார்!

தூக்கம் கெட்டால் நர்சுக்குத்தானே கஷ்டம், நமக்கு என்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. நாளைக்கு நீங்களோ, உங்கள் வீட்டுப் பெரியவரோ அந்தக் கட்டிலில் படுக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 1997-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆட்களைத் தூங்க விடாமல் வைத்திருந்து, கை வேகம், கண் கவனம் ஆகியவற்றை அளந்தார்கள். அதே ஆட்களுக்கு இன்னொரு நாள் மது கொடுத்தும் அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர் அளவுக்குத் தடுமாறினார். நம்ம நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அதைத் தாண்டினால் டிராபிக் போலீசார் கேஸ் போடுவார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நர்சு காலை 6 மணிக்கு எழுந்து வீட்டு வேலை பார்க்கிறார். பகலில் தூங்க முடியவில்லை. இரவு 8 மணிக்கு டியூட்டி ஏறுகிறார். இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் முடிந்துவிட்டது. காலை 8 மணிக்கு டியூட்டி இறங்கும்போது 26 மணி நேரம்! விடியற்காலை 4 மணிக்கு அவர் கையில் ஊசி இருக்கிறது. எதிரே வென்டிலேட்டரில் நோயாளி இருக்கிறார். மருந்து அளவில் ஒரு புள்ளி தவறினால் போச்சு. எந்தப் போலீஸ்காரர் வந்து ஊதச் சொல்லப் போகிறார்?

இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டாக்டர்களை இரண்டு விதமாக வேலை வாங்கிப் பார்த்தார்கள். ஒரு முறை, 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய டியூட்டி. இன்னொரு முறை, நேரத்தைக் குறைத்த டியூட்டி. பழைய முறையில் பெரிய தவறுகள் 36 சதவீதம் கூடுதலாக நடந்தன. 2004-ல் வெளியான முடிவு இது. மறு வருடம் வந்த இன்னொரு ஆய்வில், நீண்ட டியூட்டி முடித்து வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் இளம் டாக்டர் விபத்தில் மாட்டும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது.

நோய் தொற்றுவதிலும் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 153 பேரின் தூக்கத்தை 2 வாரம் குறித்துக்கொண்டு, பிறகு மூக்கில் சளிக் கிருமியை விட்டார்கள். 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைப்போல 3 மடங்கு சளி பிடித்தது. அது சாதாரண சளிக் கிருமி. கொரோனா அல்ல. ஆனாலும் தூங்காத உடம்பில் காவல் தளர்ந்து போகிறது என்பது விளங்குகிறது. அப்படித் தளர்ந்த உடம்போடுதான் கொரோனா வார்டுக்கு ஆட்களை அனுப்பினார்கள்.

கொரோனா தொடங்கியது முதல் 2021 மே வரை உலகம் பூராவும் 1 லட்சத்து 15 ஆயிரம் சுகாதார ஊழியர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

பைலட்டுக்கு ஒரு நியாயம்

பஸ் டிரைவர் இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று 1961-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நடைமுறையில் எப்படி என்பது வேறு கதை. சட்டம் இருக்கிறது. விமானம் ஓட்டும் பைலட்டுக்கு இன்னும் கெடுபிடி. வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்ததை 2025-ல் 48 மணி நேரமாக உயர்த்தினார்கள். ராத்திரி இறங்கும் தடவையையும் குறைத்தார்கள்.

அப்போது என்ன நடந்தது? ஒரு பெரிய விமானக் கம்பெனி புது விதிக்குத் தேவையான அளவு பைலட்டுகளைத் தயாராக வைத்திருக்கவில்லை. 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. ஏர்போர்ட்டில் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கிடந்தார்கள். நாடே அமளிப்பட்டது. ஓய்வு கொடுக்க வேண்டும் என்றால் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் விமானத்தை நிறுத்து. விமானத்தில் அதுதான் வழி.

ஆஸ்பத்திரியில் அப்படி நிறுத்த முடியுமா? "இன்று நர்சு போதாது, வார்டு ரத்து" என்று போர்டு மாட்ட முடியுமா? முடியாது. அதனால் அங்கே ஆள் குறைந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. ரத்து ஆவது நர்சின் தூக்கம் மட்டும்தான். ஏர்போர்ட்டில் கிடந்தவர்கள் போட்ட கூச்சல் பார்லிமெண்ட் வரை கேட்டது. வார்டில் ஒரு ஆள் குறைந்த கூச்சல் அடுத்த வார்டுக்குக்கூடக் கேட்காது.

டாக்டர்களுக்கு ஒரு விதி இல்லாமல் இல்லை. பயிற்சி டாக்டரைத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. "சாதாரணமாக" என்று ஒரு வார்த்தையை அதில் சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையில் நுழைந்துகொண்டு 30 ஆண்டுக்கு மேலாக 24 மணி, 36 மணி டியூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலைக்கு வைத்தார்கள், அனுப்பினார்கள்

தமிழ்நாட்டு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2020 மே மாதம் 2,500-க்கும் அதிகமான நர்சுகளை 6 மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டே போனது. மாதச் சம்பளம் 14 ஆயிரம் ரூபாய். 2021 மே மாதம் மு.க.ஸ்டாலின் முதல்-அமைச்சர் ஆனதும் டாக்டர்களுக்கு 30 ஆயிரம், நர்சுகளுக்கு 20 ஆயிரம், மற்ற ஊழியர்களுக்கு 15 ஆயிரம் என்று 3 மாத வேலைக்கு ஊக்கத் தொகை அறிவித்தார். பணம் பெரிய ஆறுதல்தான். ஆனால் பணத்தைக் கொடுத்துத் தூக்கத்தை வாங்க எந்தக் கடை இருக்கிறது? கூடுதல் ஆள்தான் தூக்கம் கொடுக்க முடியும். அந்த வகையில் 2020-ல் எடுத்த நர்சுகள்தான் உண்மையான உதவி.

அவர்கள் கதை என்ன ஆனது? 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. சுமார் 2,400 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊர் முழுக்கப் புத்தாண்டு கேக் வெட்டிக்கொண்டிருந்த ராத்திரி அது. அடுத்த வாரமே போராட்டம். மாவட்டச் சுகாதாரச் சங்கம் மூலம் 18 ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் மாற்று வேலை தருவதாக அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதுவும் நிரந்தர வேலை அல்ல என்பதுதான் நர்சுகளின் குறை.

இது புதுக் குறையும் அல்ல. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் பரீட்சை எழுதி வந்த நர்சுகள் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். 2 வருடத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பினார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் 3 நாள் உட்கார்ந்தார்கள். ஐகோர்ட்டு உத்தரவு வந்த பிறகு எழுந்து போனார்கள்.

வேலை நிரந்தரத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய உண்டு. ஒப்பந்த நர்சு "இன்று முடியாது, நேற்றும் ராத்திரி டியூட்டி பார்த்தேன்" என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நீட்டிப்பில் பெயர் இருக்குமா என்ற பயம். 14 ஆயிரத்தில் சென்னையில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது. டியூட்டி முடிந்து தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு ஷிப்ட் பார்க்கத் தோன்றும். ஆஸ்பத்திரி பக்கத்தில் வீடு எடுக்க முடியாது. தாம்பரம் தாண்டி, ஆவடி தாண்டிப் போக வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. 24 மணி நேரத்தில் இந்த மூன்றும் எங்கே இருந்து வருகிறது என்பதை மின்சார ரெயிலில் நின்றுகொண்டே தூங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

26 நிமிடம்

செய்யக் கூடியவை பெரிய ரகசியம் ஒன்றும் அல்ல. பசிபிக் கடலைத் தாண்டும் நீண்ட தூர விமானங்களில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஒரு சோதனை செய்தது. பைலட்டுகளுக்கு முறை போட்டு 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அந்த 26 நிமிடமே இறங்கும் நேரத்தில் அவர்களை உஷாராக வைத்தது. ராத்திரி வார்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இப்படிக் கண் அயரலாம். ஆனால் அதற்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். கதவு உள்ள ஒரு அறையும் கட்டிலும் வேண்டும். நம்ம ஊரில் நாற்காலியில் தலை சாய்ந்த நர்சை யாராவது செல்போனில் படம் எடுத்து, "டியூட்டியில் தூக்கம்!" என்று ஊர் பூராவும் அனுப்பி விடுகிறார்கள். பாவம், அந்த அம்மா 20 மணி நேரம் விழித்திருந்தாரா என்று படம் எடுத்தவர் கேட்பதில்லை.

ஷிப்ட் மாற்றுவதிலும் முறை உண்டு. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு தாங்கும். இரவு முடிந்த மறுநாளே காலை டியூட்டி போட்டால் தாங்காது. தொடர்ந்து ராத்திரி டியூட்டியை 2, 3 நாளோடு நிறுத்தினால் நல்லது. ராத்திரி வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2007-லேயே பட்டியலில் சேர்த்து, 2019-ல் மறுபடியும் உறுதி செய்தது. டியூட்டி பட்டியல் எழுதும் மேட்ரனுக்கு இது தெரியாமல் இல்லை. எழுதுவதற்குப் பெயர்கள்தான் குறைவு.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு ஒன்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. மேற்படிப்பு டாக்டர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் லீவு, நாளுக்கு 7, 8 மணி நேரத் தூக்கம் என்று சிபாரிசு செய்தது. 74 மணி என்றால் 6 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 12 மணிக்கு மேல் வருகிறது. 1992 உத்தரவில் 48 மணி. அந்த அறிக்கை மருத்துவ மாணவர்களுக்காக எழுதப்பட்டது. நர்சு, வார்டு ஊழியர், துப்புரவுத் தொழிலாளி யாரும் அதில் வர மாட்டார்கள்.